எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கை

ஆவரங்கரை உலகம்மாள் கண் தர்மாஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவினர் நான்கு பேருடைய வலது கைகள் தூக்கியது தூக்கியபடியே நின்றுபோனது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, மாடிப் படியில் காப்பி ஏறி வந்துகொண்டிருந்த நேரத்தில். அன்றைக்கு உப்பளத்துக் காற்று வழக்கம்போலத்தான் அடித்தது, நாய் ஊளையிடவில்லை, பூனை குறுக்கே போகவில்லை, காப்பியோடு வந்த வடையில் மட்டும் உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் முதலில் கெடுவது கண். வெள்ளை உப்பில் வெயில் விழுந்து திரும்பி முகத்தில் அடிக்கிற அடியில் பார்வை மங்கி, கடைசியில் புரை விழுந்துவிடும். புருஷன் விட்டுப்போன உப்பளங்களை ஆண்ட உலகம்மாள், தன் கண்ணும் அப்படிப் போன பிறகுதான் அடுத்தவர் கண்ணைப் பற்றி யோசித்தாள் என்று ஊரில் சொல்வார்கள், யோசித்ததே பெரிது. தன் நிலத்தில் ஆஸ்பத்திரி கட்டினாள். அளத்து ஆட்களுக்குக் காசில்லாமல் கண் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று ஏற்பாடு பண்ணினாள். ஆஸ்பத்திரியையே மாற்றுகிற தீர்மானம் ஏதாவது வந்தால், தன் நினைவு நாளில், ஆஸ்பத்திரி வாசலில், ஊர் பார்க்கக் கை தூக்கி அதை உறுதி செய்தால்தான் செல்லும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். குழுவில் நான்கு பேர், அவர்களுக்கு மேலே ஒரு தலைவர். தலைவர் கை தூக்கக்கூடாது. இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் மட்டும் அவர் தூக்கலாம். அப்படி ஒரு நாளும் பிரிந்தது கிடையாது.

பிரிவதற்கு நேரமே கொடுப்பதில்லை என்பதுதான் உண்மை. கை தூக்கும் உரிமை இல்லாத செயலாளர் கோமதிநாயகம் தீர்மானங்களை ஒன்றின் வாலில் மற்றொன்றைக் கட்டி ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போவார். படியில் டம்ளர் சத்தம் கேட்டதும் தலைவர் அருணகிரி அண்ணாச்சி புன்சிரிப்போடு, “எல்லாத்துக்கும் சேத்து ஒரே கை” என்பார். நான்கு கைகளும் மேலே போகும், கீழே வரும்போது அதில் டம்ளர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தூக்கினால் காப்பி ஆறிவிடும் என்பது அண்ணாச்சியின் நியாயம். அண்ணாச்சி சொன்னால் அதற்கு மறுபேச்சு வருவதில்லை. பயந்து அல்ல. ஊரில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருகிறவர், கோவில் கொடை விழாவுக்குப் பந்தல் போட்டுத் தருகிறவர். அப்படிப்பட்டவரிடம் போய் இது என்ன, அது என்ன என்று கேட்க நாக்கு எழும்பாது.

தங்கபுஷ்பத்துக்கும் எழும்பவில்லை. பஜாரில் அண்ணாச்சியின் கடை வரிசையில் தையல் கடை வைத்திருந்தாள். குழுவில் பெண் ஒருத்தியாவது இருக்கவேண்டும் என்று அரசாங்கத்தில் கேட்டபோது அண்ணாச்சி இவளைக் கூப்பிட்டுச் சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் பளிங்கில் கடைசிப் பெயராகத் தன் பெயர் இருப்பதை, பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொள்வாள். கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போவாள், வடை தின்பாள், கை தூக்குவாள், வருவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கோமதிநாயகம் படித்துக்கொண்டிருந்தபோது அவள் நினைப்பெல்லாம் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் இருந்தது. கை கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற யோசனையோடு தூக்கினாள்.

காப்பி வந்தது. கை வரவில்லை.

முதலில் நான்கு பேரும் சிரித்தார்கள். பிறகு இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, விரல்களை ஆட்ட முடிந்தது, தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது; கீழே மட்டும் வரமாட்டேன் என்றது. கோமதிநாயகம் டம்ளரை இடது கையில் கொடுத்தார். குடித்துவிட்டு, வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து, நான்கு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், வர்மம் தெரிந்தவர் எண்ணெய் போட்டுத் தடவினார், கோவிலில் திருநீறு போட்டார்கள், சர்ச்சில் ஜெபம் பண்ணினார்கள், தர்காவில் மயிலிறகால் வருடினார்கள். கை எல்லாருக்கும் மரியாதை கொடுத்து அப்படியே நின்றது. பிறகு ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. ஊர்கள் அப்படித்தான், மலை பெயர்ந்து தெருவில் விழுந்தாலும் மூன்றாம் நாள் அதன் நிழலில் பெட்டிக்கடை போட்டுவிடும். தங்கபுஷ்பத்தின் புருஷன் சுடலைமணி முதல் வாரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான், இரண்டாம் வாரம் அந்தக் கையில் குடையை மாட்டினான். பஸ் கண்டக்டர்கள் இவர்களைப் பார்த்தால் விசில் ஊதக்கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். நாலு பேரில் ஒருவரான ரிட்டையர்டு வாத்தியார் வேதமுத்து சார் மீன் ஏலக்கூடத்துப் பக்கம் போகமுடியாமல் போயிற்று. ஒரு தடவை சும்மா வேடிக்கை பார்க்கப் போய் நின்றவர் தலையில் ஒரு கூடை சூடை மீனைக் கட்டிவிட்டார்கள், கை தூக்கியிருந்தீர்களே சார் என்றார்கள். தங்கபுஷ்பம் கடைப் பெண்ணைக் கத்தரிக்கோல் பிடிக்க வைத்து, தோளிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் திறந்து நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி ஒரு ஜாக்கெட்டும் மற்ற மூன்று பேருக்குச் சட்டைகளும் தைத்தாள். அது நன்றாக அமைந்துவிட்டது. கை நன்றாக இருக்கிறவர்களும் அந்த மாதிரி தைத்துத் தரச்சொல்லி வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் சங்கதி வேறு பக்கம் திரும்பியது. அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டு வாழ்த்துரையில், “ஊருக்காகத் தூக்குன கை, ஊருக்காகவே நிக்கி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல” என்று கண் கலங்கச் சொன்னார். மறுநாளே ஒரு பெண் தன் பிள்ளையைக் கொண்டுவந்து வேதமுத்து சாரின் கைக்குக் கீழே காட்டிவிட்டுப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. விடுகிற காய்ச்சல்தான், இருந்தாலும் விட்டது. அதன்பின் கேட்கவேண்டுமா? காலையில் நான்கு வீட்டு வாசலிலும் கூட்டம். பந்தியில் முதல் இலை. கட்சிக்காரர்கள் போஸ்டரில் அந்த நாலு கைகளையும் போட்டார்கள். வேறு சங்கங்களில் பொறுப்பில் இருந்த சிலர் கையைத் தூக்கி, கழுத்தோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். அண்ணாச்சியிடம், உங்கள் கை மட்டும் ஏன் சும்மா இருக்கிறது என்று சிறுசுகள் கேட்கத் தொடங்கின. அவர் வீட்டில் கண்ணாடி முன்னால் வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதைச் சமையல்காரி பார்த்து ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அந்தக் கை இறங்கிவிட்டதாம்.

தங்கபுஷ்பத்துக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. பஜாரில் நடந்தால் வழி விட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் பேச்சித்தாய் கடைக்கு வந்தாள். உப்பு வாருகிற வேலை. ஒரு கண் முழுக்க வெளுத்துப்போயிருந்தது, மற்றது பாதி. படியைக் காலால் தடவி ஏறி வந்து, தங்கபுஷ்பம் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு கேட்டாள்.

“யக்கா, ஒங்க கைக்கு அடியில நின்னா கண்ணு தெளிஞ்சிரும்னு சொல்லுதாவ. செத்த நேரம் நின்னுக்கிடட்டுமா?”

நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். அவளுடைய தலைமுடியில் உப்பு காய்ந்து படிந்திருந்ததைத் தங்கபுஷ்பம் மேலிருந்து பார்த்தாள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா என்று பேச்சுக்குக் கேட்டாள். புரட்டாசியில் கொடுத்திருக்கிறார்கள் என்றாள் பேச்சி. ஆனால் நர்ஸம்மா, புரட்டாசியில் இங்கே ஆஸ்பத்திரியே இருக்காது என்று சொல்கிறாளாம். விளையாட்டுக்குச் சொல்கிறாள்போல என்று சிரித்தாள். டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்றதற்கு, போகலாம்தான், இரண்டு பஸ் மாறவேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும், மகன் வெளியூரில் கிடக்கிறான், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அளத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றாள். இதெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

தங்கபுஷ்பம் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு நேரே கோமதிநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இப்படிக் கேக்கிய?” என்று ஆச்சரியப்பட்டார். “நீங்க தூக்குன கைதான. அன்னைக்குப் படிச்சதுலயே அதான கடைசி. ஆவணியோட ஆபரேஷன நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரியக் கல்யாண மண்டபமாக்குதது. அண்ணாச்சி மச்சினர் எடுத்து நடத்துதாவ. நினைவு நாள்ல வாசல்ல வச்சு உறுதி பண்ணிட்டா முடிஞ்சு.”

நினைவு நாள் ஆவணிக் கடைசியில் வருகிறது. ஆடி முடியப்போகிறது.

அன்று ராத்திரி அவள் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு இருட்டில் நிற்கிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அது யாரோ கொடுத்த பட்டம் மாதிரி இருந்தது. இப்போது, வீட்டுக்குள் வந்து நிற்கிற அந்நிய ஆள் மாதிரி இருந்தது. இறங்கு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று சுவரிடம் சொன்னாள், சாமி படத்திடம் சொன்னாள், தூக்கத்தில் இருந்த சுடலைமணியிடம் சொன்னாள். கை கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்குள் அண்ணாச்சிக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. அவர் கெட்டிக்காரர், பிடிபட நாளாகவில்லை. கைகள் ஏற்கெனவே மேலே இருக்கின்றன. கூட்டம் போட்டால் போதும், எதைப் படித்தாலும் நிறைவேறிவிடும். எனவே கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார். இலவசக் கண்ணாடி கொடுப்பதை நிறுத்துவது, நிறைவேறியது. ராத்திரி நர்ஸை எடுப்பது, நிறைவேறியது. வாசல் முகப்புக்கு அருணகிரி வளைவு என்று பெயர் வைப்பது, அதுவும். கோமதிநாயகம் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி நான்கு கைகளையும் பார்ப்பார், ஒருமனதாக என்று சொல்லிக்கொண்டே எழுதுவார். காப்பி ஆறுகிற கவலைகூட இப்போது இல்லை.

ஆவணி பிறந்து நடந்த முதல் கூட்டத்தில் தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“அண்ணாச்சி, ஆஸ்பத்திரிய மூடுததுல எனக்குச் சம்மதம் இல்ல.”

கோமதிநாயகம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு ஒரு முழம் மேலே பார்த்தார். குழுவின் மற்ற இரண்டு பேர், மெடிக்கல் ஷாப் தவசிக்கனியும் அரிசி ஆலை இசக்கியும், குனிந்து வடையைப் பார்த்தார்கள். வேதமுத்து சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. “வாய் என்னமும் சொல்லும் தங்கச்சி,” என்றார் பிரியமாக. “குழுவுல கைதான் பேசணும். ஒங்க கை சரின்னுல்லா சொல்லுது?”

கூட்டம் முடிந்து இறங்கும்போது வேதமுத்து சாரைப் படியில் மறித்தாள். நாம் இரண்டு பேர் சேர்ந்து சொல்வோம் சார் என்றாள். அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, ரிட்டையர் ஆன நாளிலிருந்து இந்த ஊரில் தன்னிடம் மணி என்ன என்றுகூட யாரும் கேட்டதில்லை, இப்போது தினமும் காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதைக் கெடுக்காதே அம்மா என்றார். தங்கபுஷ்பத்துக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, தானும் அப்படித்தானே இருந்தோம் என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், மிஷினைத் தடவிப் பார்த்தார். இந்தக் கடை வரிசையை இடித்துக் கட்டுகிற எண்ணம் இருக்கிறது, ஆனால் தங்கச்சி பிழைப்பை நினைத்துத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். நினைவு நாளுக்கு வெள்ளனவே வந்து மேடையில் உட்கார்ந்துவிடு, சனங்கள் உன் கையைப் பார்க்கத்தான் வரும் என்றார். போகும்போது அவளுடைய தூக்கிய கையை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது.

நினைவு நாளன்று ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு, அருணகிரி வளைவுக்குச் சீரியல் விளக்குக் கட்டி, பின்பக்கம் அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதித்தது. அளத்திலிருந்து லாரிகளில் ஆட்களைக் கூட்டிவந்து தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கிய கைகளில் ஆளுக்கொரு ரோஜா மாலை போட்டிருந்தது. நடுவில் அண்ணாச்சி. அவர் மாலை கழுத்தில் இருந்தது.

கோமதிநாயகம் மைக்கைப் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். உலகம்மாளின் பெருமை, வரவேற்பு, நன்றி, இரங்கல் எல்லாம் ஒன்றாகப் பின்னிப் போயின; அந்தப் பின்னலின் நுனியில் ஆஸ்பத்திரி, மண்டபம் என்ற இரண்டு சொற்கள் வந்து அதே வேகத்தில் போயின. தரையில் இருந்தவர்களுக்குச் சாம்பார் வாசனைதான் எட்டியது. “எல்லாத்துக்கும் சேத்து ஒரே கை” என்றார் அண்ணாச்சி. கைகள் மேலேதான் இருந்தன. கைதட்டுவதற்காகச் சனங்கள் உள்ளங்கைகளைப் பிரித்தார்கள்.

தங்கபுஷ்பம் எழுந்தாள். மைக்கை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். கோமதிநாயகம் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் அவரை விட்டுவிட்டு மேடையின் படியில் இறங்கினாள். கையில் மாலை ஆடியது, ஆசீர்வாதம் பண்ண வருகிறாள் என்று நினைத்து யாரோ பிள்ளையை நீட்டினார்கள். அவர்களைத் தாண்டி நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாயின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“பேச்சி, நான் டெய்லர் புஷ்பம். ஒன் ஆபரேஷன நிப்பாட்டுனது நாந்தான். இந்த ஆஸ்பத்திரிய மண்டபமாக்கச் சொல்லித்தான் இந்தக் கையத் தூக்குனேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதைப் பார்த்து அடுத்த வரிசை நிறுத்தியது. பின்னால் அண்டாவில் கரண்டி சத்தம்கூட நின்றது.

“என்ன படிக்கானுவன்னு நான் கேக்கல. ஒரு ஜாக்கெட்டப் பத்தி நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” கை நகரவில்லை. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது, அதை அவள் சுவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. “கேட்டிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது பேச்சி. தூக்கித்தான் இருப்பேன். அண்ணாச்சி மொகத்துக்காகத் தூக்கியிருப்பேன்.”

கை இறங்கியது. மெல்ல இறங்கவில்லை, கிணற்றுக்குள் வாளி விழுகிற மாதிரி சடாரென்று விழுந்தது. ரோஜா மாலை பேச்சியின் மடியில் போய் விழுந்தது. பேச்சி இரண்டு கையாலும் துழாவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி உலக்கையைப் பிடிக்கிற பிடி.

“இதுக்கு அடியிலயா யக்கா என்னக் கும்புட விட்டிய?” என்றாள்.

தங்கபுஷ்பம் அழுதாள். பேச்சி ஆறுதல் சொல்லவில்லை, கையை விடவும் இல்லை. வெளுத்த கண்ணை மேடைப் பக்கம் திருப்பினாள்.

“மேல இன்னும் யாருக கை நிக்கி?”

வேதமுத்து சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். தரையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. “அந்தம்மாவுக்காவது தெரியாது,” என்று வகுப்புக் குரலில் சொன்னார். “எனக்குக் காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரிய மூடப்போறாவன்னு தெரிஞ்சேதான் தூக்குனேன். எல்லாரும் தூக்குனாவ, நானும் தூக்குனேன்.” அவர் கை விழுந்த வேகத்தில் அவரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

தவசிக்கனியும் இசக்கியும் அசையவில்லை. அவர்களுடைய கைகள் மேலே நின்றன, கண்கள் அண்ணாச்சியிடம் நின்றன.

“ரெண்டுக்கு ரெண்டு,” என்றார் கோமதிநாயகம். அவர் அதைத் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். மைக் நெஞ்சோடு இருந்ததால் ஊருக்கே கேட்டது. அதன்பிறகு அவருக்கு வேறு வழி இல்லை. “தலைவர் கை தூக்கலாம்.”

அண்ணாச்சி எழுந்தார். சிரித்த முகமாகவே எழுந்தார். கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் ஆசைப்பட்ட கொடுப்பினை அவருக்கு முன்னால் வந்து நின்றது. தூக்கினால் ஆஸ்பத்திரி மண்டபமாகிவிடும். அதை மறுத்துச் சொல்ல இனி ஆள் கிடையாது. வலது கை இடுப்பிலிருந்து கிளம்பி வயிறு வரை வந்தது, நெஞ்சு வரை வந்தது. ஊர் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை எதற்காக நிற்கிறது என்று இனி ஊருக்குத் தெரியும். இழவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்கும்போதும் அது தலைக்கு மேலே நிற்கும். கல்யாணப் பந்தியில், கோவில் வாசலில், பாடையில் படுக்க வைக்கிற அன்றைக்கும் நிற்கும். பார்க்கிற பிள்ளை அம்மாவிடம் கேட்கும், அம்மா சொல்லுவாள். கை தோள் வரை வந்தது. தோளில் நின்றது.

அந்தக் கை தோளில் கிடந்த நேரியலைச் சரி செய்துவிட்டுக் கீழே இறங்கியது.

“சாப்பாடு ஆறுது,” என்றார் அண்ணாச்சி. “பந்தியப் போடுங்க.”

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. தீர்மானம் விழுந்துவிட்டது என்று கோமதிநாயகம் வாயால் சொல்லுகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

கடை வரிசையை இடிக்கிற வேலை புரட்டாசி முதல் வாரத்திலேயே ஆரம்பித்தது. முதலில் இடித்தது தையல் கடையை. தங்கபுஷ்பம் மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பஜார் வேலை பாதிகூட வீட்டுக்கு வரவில்லை, சுடலைமணி முணுமுணுத்தான். அண்ணாச்சி இப்போதும் இழவு வீடுகளுக்கு முதல் ஆளாகத்தான் போகிறார், தலைவராகவும்தான் இருக்கிறார், சனங்களும் அவரைக் கும்பிடத்தான் செய்கிறார்கள். தவசிக்கனியின் கையும் இசக்கியின் கையும் இன்றைக்கும் மேலேதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே யாரும் போவதில்லை. குழுக் கூட்டத்தில் கோமதிநாயகம் ஒவ்வொரு தீர்மானமாக நிறுத்திப் படிக்கவேண்டி இருக்கிறது. அளத்து ஆட்கள் நாலு பேராவது வந்து மாடிப் படியில் உட்கார்ந்து, கேக்கல, திருப்பிப் படிங்க என்கிறார்கள். காப்பி கடைசியில்தான் வருகிறது, அதுவும் ஆறிப்போய்.

பேச்சித்தாய்க்குச் சொன்ன தேதியில் ஆபரேஷன் நடந்தது. கண்ணில் கட்டிய பச்சைத் துணியை எடுத்து, கறுப்புக் கண்ணாடியும் கழற்றிய பிறகு ஒரு நாள் வழி விசாரித்துக்கொண்டு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தாள். தங்கபுஷ்பம் அந்தப் பக்கவாட்டு ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த பக்கத்தைச் சேர்த்துத் தைப்பதற்காக ஊசியில் நூல் கோக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. பேச்சி எதிரே உட்கார்ந்து அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கையாக்கா அது?”

“இதேதான்.”

“சின்னக் கையாத்தான இருக்கு. நான் ரொம்பப் பெருசா இருக்கும்லா நெனச்சேன்.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இனிமே தூக்குததா இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தூக்குங்க.”

சொல்லிவிட்டு ஊசியையும் நூலையும் அவளிடமிருந்து வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கோத்துக் கொடுத்தாள்.